வெறும் ஃப்ளாஷ்

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். என் கதையும் அந்த வகைதான். வண்டிப்பெரியாரைச் சுற்றியிருந்த நாலைந்து எஸ்டேட்டுகளில் அப்பா படம் எடுக்காத கல்யாணம் அநேகமாக இல்லை. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு படம், அவருடைய கல்யாணப் படம். அதுவும் வேறு யாரோ எடுத்தது. மாலையின் கனத்தில் அம்மா தலையைக் குனிந்திருப்பாள். மூக்கும் நெற்றிச்சுட்டியும் மட்டும் தெரியும். அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது. அதனால் ஒன்பது வயதில் எனக்கு அம்மா என்றால் ஒரு மூக்கும் ஒரு நெற்றிச்சுட்டியும்தான்.

அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கேமரா அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தொழில். அம்மா போனபின் அதை அவர் தொடவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லும் ஆளும் இல்லை அவர்.

கோடை விடுமுறை வந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் கம்பம், போடி என்று தாய்மாமன் வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அம்மா வழியில் வா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் லயம் முழுவதும் வரிசையாகப் பூட்டுகள்தான். திறந்த கதவு என்னுடையது ஒன்று. நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் வீட்டுச் சாமான்களைக் குடைந்துகொண்டிருப்பேன். அப்படித்தான் ஒருநாள் அடுப்படிப் பரணில், பழைய கம்பளிக்குள் சுற்றியிருந்த கேமரா கையில் அகப்பட்டது.

கூடவே மூன்று கறுப்பு ரோல் டப்பிகள். ஒன்றில் ஊக்குகள். ஒன்றில் கிராம்பு. மூன்றாவதில் ஒரு ஃபிலிம் ரோல்.

அம்மாவைப் பற்றி எனக்கு நிச்சயமாக நினைவிருந்தது ஒரே விஷயம். நான் அவள் இடுப்பில் இருக்கிறேன். பவுடர் வாசனை. எதிரே அப்பா, 'இங்க பாரு, இங்க பாரு' என்கிறார். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். ஒரு தடவை அல்ல, பல தடவை. வெளிச்சம் அடித்திருந்தால் படம் விழுந்திருக்க வேண்டும். அந்தப் படமெல்லாம் இதோ இந்த டப்பியில் இருக்கிறது. கழுவக் கொடுக்க அப்பாவுக்குச் சோம்பல். அந்தச் சோம்பலால் அம்மா ஐந்து வருஷமாகக் கிராம்புக்குப் பக்கத்தில் கிடக்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டவுனுக்குப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். போகும் வழியிலேயே எந்தப் படத்தைப் பெரிதாக்குவது, எந்தச் சுவரில் மாட்டுவது என்று முடிவு செய்தாகிவிட்டது.

அப்பா வழக்கமாக ரோல் கழுவக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் மலையாளி. என்னைப் பார்த்ததும் இன்னார் மகள் என்று கண்டுபிடித்துவிட்டார். டப்பியைத் திறந்து ரோலைத் திருப்பிப் பார்த்தார்.

"மோளே, இதுல ஒண்ணும் இல்ல. ஃபிலிமோட நாக்கு வெளிய நிக்குது கண்டோ? எடுத்து முடிச்ச ரோலுன்னா அது உள்ள போயிருக்கும். இது எடுக்காத ரோல். பழசாயிப்போச்சு, இனி போட்டாலும் சரியா விழாது."

"இல்ல, அப்பா எங்களைய எடுத்துச்சு. வெளிச்சம் அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு."

அவர் சிரித்தார். "அது வெறும் ஃப்ளாஷ் மோளே. கல்யாண வீட்டுல பிள்ளைக எல்லாம் என்னைய எடு, என்னைய எடுன்னு வந்து நிக்கும். எல்லாருக்கும் ரோல் போட்டா கட்டுமா? ரோல் இல்லாம சும்மா அடிக்கிறதுதான். அவங்களுக்கும் சந்தோஷம். உன்ற அச்சன் அதுல பெரிய கில்லாடியாக்கும்."

என் முகத்தைப் பார்த்தவுடன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். திரும்பிப் போகும் ஜீப்பில் அவரே கொண்டுவந்து ஏற்றிவிட்டார். நான் வழியெல்லாம் அழுதேன். அம்மா இரண்டாம் தடவை செத்துப்போனது போல இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் கேமராவையும் டப்பிகளையும் அவர் முன்னால் வைத்தேன். போய்வந்த கதையைச் சொன்னேன். ஜீப்பில் தனியாகப் போனதற்கு அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை. ரோல் இருந்த டப்பியை மட்டும் எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"இது உனக்குக் காது குத்த வாங்கி வச்சது. அந்த மாசந்தான் அவள ஆஸ்பத்திரியில சேத்தது."

பிறகு எனக்கு ஒரு நகைக்கடையில் வைத்துக் காது குத்தினார்கள். படம் கிடையாது, ஒரு மிட்டாய் கொடுத்தார்கள்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"வெறும் ஃப்ளாஷ்தான்."

"என்னையத்தான் ஏமாத்துன, அம்மாவையுமா ஏமாத்துன?"

அப்பா டப்பியைக் கீழே வைத்தார். "அவளுக்குத் தெரியும். ரோலை எடுத்து வைக்கிறது, எண்ணிக் குடுக்கிறது எல்லாம் அவதான். உள்ள இருக்கா இல்லையான்னு என்னையவிட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் சீலை மாத்தி, பவுடர் போட்டு, உன்னையும் தூக்கிட்டு வந்து நிப்பா. அவசரப்படாம நல்லாப் பாத்து எடுங்கம்பா."

அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் என் கோபம் குறையவில்லை. இன்னும் கூடியது. அதுவரை ஒருவர் மேல்தான் கோபம், இப்போது இரண்டு பேர் மேல். படம் விழாது என்று தெரிந்துகொண்டே ஒருத்தி எதற்குச் சீலை மாற்றுகிறாள்?

அப்பா கேமராவைத் துண்டால் துடைத்தார். கண்ணில் வைத்தார். கையை நீட்டி வாசல்படியைக் காட்டினார்.

"அங்கன போய் நில்லு பாப்போம்."

"ரோல்தான் இல்லையே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. காலிப் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப்பின் என்னை நிற்கச் சொல்லி அவர் கேட்டதில்லை. 'ரோல்தான் இல்லையே' என்று அம்மா ஒருநாள்கூடச் சொல்லியிருக்கமாட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.