மாமி தள்ளிவைத்த கதாநாயகி

கலியாணம் முடித்து, மன்னாரில் மனைவியின் வீட்டோடு வந்து குடியேறியவன் நான். சீதன வீட்டில் மருமகனுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. தொலைக்காட்சியின் ரிமோட் மட்டும் மாமியின் கையில்.

அந்திச் செபமாலை முடிந்ததும் நாடகம் தொடங்கும். கதாநாயகி நல்லவளாக இருந்த காலம் முழுக்க நான் கதிரையில் தூங்கி வழிந்தேன். தான் செய்த களவைச் சொந்தத் தங்கச்சியின் தலையில் கட்டி, பொலிஸில் பிடித்துக் கொடுத்து மறியலுக்கு அனுப்பிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அன்றைக்குத்தான் எனக்கு முழிப்பு வந்தது. கையிலிருந்த பிட்டு ஆறியதுகூடத் தெரியவில்லை.

மாமி பட்டென்று நிறுத்தினார். "இவள் இனி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அவள் மனம் திரும்பினால், மாமி?"

"திரும்பட்டும், பிறகு பாப்பம். தவக்காலம் துவங்குது, தம்பி. மச்சத்தோட சேத்து இவளையும் விடுங்கோ."

தவக்காலத்தில் கோயிலில் சுரூபங்களை மூடுவதுபோலத் தொலைக்காட்சிக்கும் ஊதாத் துணி விழுந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கெட்டவளைப் பார்க்கக்கூடாதென்றால் அவள் திருந்துவதை எப்படிப் பார்ப்பது? என்ன ஆனாளோ என்ற தவிப்பு, மீனையும் இறைச்சியையும் விட்டதைவிடப் பெரிய ஒறுத்தலாக இருந்தது. ஆனாலும் நான் ரோசக்காரன். பக்கத்துத் தாராபுரத்திலிருந்து வேலைக்கு வரும் கூட்டாளி நாடகத்தின் மிச்சக் கதையைச் சொல்ல வாயெடுத்தபோதுகூடத் தடுத்துவிட்டேன்.

ஒருநாள் செபமாலையில் மாமி வழக்கம்போல மன்றாட்டுகளைச் சொல்லிக்கொண்டு போனார். கடலுக்குப் போனவர்களுக்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கும் வருத்தக்காரருக்காக. ஒவ்வொன்றுக்கும் மனைவியும் நானும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னோம்.

"தங்கச்சியை மறியலுக்கு அனுப்பிப்போட்டு, இப்ப தனியக் கிடந்து அழுகிற அந்தப் பிள்ளைக்காகவும்..."

என் கண் திறந்துகொண்டது. நாங்கள் நிறுத்திய அன்று அவள் சிரித்துக்கொண்டல்லவா இருந்தாள்.

"மாமி, அவள் அழுகிறது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமி செபமாலை மணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பக்கத்து வீட்டு யன்னல் திறந்து கிடந்தது."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

செபம் முடிந்த கையோடு, இருட்டில், வேலியோரக் கத்தரிக்குத் தண்ணீர் விட மாமி ஏன் நாள்தோறும் போனார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"கெட்டவள்தான், தம்பி. அதுக்காக அவளை அந்தரத்தில விட்டுட்டு இருக்க ஏலுமே? கெதியா முடிப்பம், நாடகம் துவங்கப் போகுது."

வென்றுவிட்டேன். தவக்காலத்தில் பெருமைப்படுவது பாவம் என்று தெரிந்தும் உச்சி குளிர்ந்தது. மனைவி எழும்பிப் போய் ஊதாத் துணியை இழுத்தெடுத்தாள். அந்தப் பிள்ளைக்கான மன்றாட்டுக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றேன். கோயிலில்கூட நான் அவ்வளவு உரத்துச் சொன்னதில்லை.