எல்லாவற்றுக்கும் கை தூக்கியவர்

தொண்ணூறுகளில், நாங்கள் குடியேறியிருந்த கோலியர்ஸ் வுட்டில் எங்கள் பூங்காவுக்குக் கவுன்சில் தந்த பணம் ஒரு வேலைக்குத்தான் காணும். விளக்கா, ரோசாப் பாத்தியா என்று தீர்மானிக்கக் கமிட்டி கூடியது. என் மனைவி ஷிப்ட் முடிந்து பூங்காவின் இருட்டுப் பாதையால்தான் வருவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்குக் கூட்டத்தில் வாய் திறக்கப் பயம். கை தூக்க மட்டும் போனேன்.

பக்கத்தில், மொட்டைத் தலையும் தொளதொள கோட்டுமாக நம்மவர் ஒருவர். யார் எதைக் கேட்டாலும் கை தூக்குவார். விளக்குக்கும் தூக்கினார், ரோசாவுக்கும் தூக்கினார். வாக்குகள் சமமாகிவிட்டன. நான் அவர் காதோடு கேட்டேன்.

"அண்ணை, ரெண்டுக்கும் தூக்கினா எப்பிடி? என்ர மனுசி இருட்டுக்குள்ளால வாறவ!"

"அந்த வெள்ளைக்காரக் கிழவியும் பாவம் தம்பி. ஒவ்வொரு கூட்டத்திலயும் ரோசா, ரோசா எண்டு கேக்குது. எப்பிடி முகத்தை முறிக்கிறது?"

ஒன்றுக்குத்தான் தூக்கலாம் என்றார் தலைவர். இவர் கிழவியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, விளக்குக்குத் தூக்கினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விளக்கு வந்து சில மாதங்களின் பின், அவர் பூங்காவில் வியர்க்க வியர்க்க மண் கொத்திக்கொண்டிருந்தார். கிழவி வாங்குப் பலகையில் இருந்தபடி விரல் நீட்டி இடம் காட்டினாள்.

"கவுன்சில் காசு தந்ததோ, அண்ணை?"

"இல்லை. ரோசாக் கண்டு அவ வாங்கினவ. கொத்தித் தாறன் எண்டு கூட்டம் முடிஞ்ச அண்டைக்கே சொல்லிப்போட்டன்."

எல்லோருக்கும் ஓம் சொல்லிவிட்டு அவ்வளவையும் ஒரு மனிதர் எப்படித்தான் சுமந்தாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.