பச்சையும் சிவப்பும் கலந்த ரேடியேட்டர்

என்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட் சூடாக ஒழுகினால் ஒரு வாசனை வரும். பாகு காய்ச்சும்போது அடிப்பிடித்த வெல்லம் மாதிரி, தித்திப்பும் கருகலுமாக. இன்றைக்கும் ஓசூர் நெரிசலில் ஏதாவது ஒரு லாரியிலிருந்து அது வந்துவிட்டால் போதும். சிக்னல் மறந்துவிடும், பின்னால் அடிக்கிற ஹாரன் மறந்துவிடும். சூளகிரிக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த தகரக் கூரை ஒர்க்‌ஷாப்பில், கையில் ஸ்பானரோடு நின்றுகொண்டிருப்பேன். அங்கே நான் மேஸ்திரி. இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை. உட்காரத்தான் இன்னும் பழகவில்லை.

அந்த வாசனையோடு நினைவுக்கு வருகிறவர்கள் சாதிக் பாயும் முனிராஜும். ஒரே பத்துச் சக்கர லாரிக்கு இரண்டு பங்காளிகள், இருவருமே டிரைவர்கள். பாய்க்குக் காவேரிப்பட்டினம். ஒரு வாரம் அவர் மாங்கூழ் டிரம்களை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம் போவார். முனிராஜுக்குக் கெலவரப்பள்ளி அணைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, லோடு இறக்குகிற இடத்தில் கன்னடம், எங்களிடம் தமிழ். மறு வாரம் அவர் ஓசூர் வார்ப்படங்களைப் பெங்களூருக்கு ஓட்டுவார். வண்டி கைமாறுவது எங்கள் வாசலில். கொடுக்கிறவர் எல்லாவற்றையும் நிறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். டீசல், ஆயில், ரேடியேட்டர், எதிலும் குறை இருக்கக் கூடாது.

பாயின் மகள் கல்யாணத்தன்று முனிராஜ் லோடு ஏற்றிப் போய்விட்டார். பந்தலுக்கு வரவில்லை. அதோடு பேச்சு நின்றது. ஒருவர் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார், இன்னொருவர் வந்து எடுத்துப் போவார். கடைசியில் பாய் வண்டியை விற்றுப் பங்கைப் பிரித்துக்கொள்ள முடிவு செய்தார். வாங்குகிறவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் வண்டி கொதித்துவிட்டது.

1. மேட்டில் நின்ற வண்டி

கிருஷ்ணகிரியிலிருந்து வருகிற மேட்டில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட, பாய் ஓரம் கட்டி, ஆறவைத்து, உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் காத்திருந்தோம். இளைய மெக்கானிக்குகள் இதை மறக்க வேண்டாம்; அவசரப்பட்டுத் திறந்து முகம் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகு திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. கேழ்வரகு மாவைக் கரைத்து அடுப்பிலேற்றிப் பாதியில் இறக்கிவைத்த மாதிரி, கொழகொழவென்று பழுப்பாக ஏதோ இருந்தது.

பாயின் முகம் வெளுத்தது. ஹெட் கேஸ்கட் போய் என்ஜினுக்குள் ஆயிலும் தண்ணீரும் கலந்திருந்தால் வண்டியை யார் வாங்குவார்கள்? ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் நிறமாகத் திரியவில்லை. பழுப்பை விரலில் தேய்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். உடனே பயம் கோபமாக மாறியது.

“அவன் போர் தண்ணிய புடிச்சி ஊத்திருப்பான் மேஸ்திரி. நல்லது பொல்லாது அவனுக்கு என்னா தெரியும்.”

முனிராஜுக்கு ஆள் அனுப்பினேன். வந்தவர் பாயைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். விலை குறைந்த சரக்கைப் பாய்தான் ஊற்றியிருப்பார் என்பது அவர் கட்சி. இரண்டு பேரையும் தங்கள் கேனைக் கொண்டுவரச் சொன்னேன். பாய் ஸீட்டுக்கு அடியிலிருந்து எடுத்தது பச்சை. வண்டி வாங்கும்போதே உள்ளே இருந்த வகை. முனிராஜ் டூல் பாக்ஸிலிருந்து எடுத்தது சிவப்பு. பெங்களூர்ப் பக்கம் வாங்கிய, நெடுநாள் உழைக்கிற வகை. இரண்டுமே அசல் சரக்கு. தனித்தனியாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. ஒன்றாகச் சேர்ந்ததும் ஒன்றின் மருந்தை இன்னொன்று முறித்துவிட்டது.

பேச்சு நின்று இத்தனை மாதங்களாகியும், வாராவாரம் இரண்டு பேரும் வண்டியை நிறைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒருவராவது ஏமாற்றியிருந்தால் இந்தக் களி திரண்டிருக்காது. அதை அப்படியே சொன்னேன்.

2. அலசல்

ரேடியேட்டர் அடிக்குழாயையும் என்ஜின் பிளாக்கின் வடிகால் பிளக்கையும் திறந்து, வந்ததை டிரம்மில் பிடித்தோம். கூலன்ட்டை ஓடையில் விடக் கூடாது. தித்திப்புக்கு மாடு குடிக்கும், செத்துப்போகும். தண்ணீர் தடையில்லாமல் சுற்ற, சூடேறினால்தான் திறக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஃபிளஷிங் மருந்து கலந்த தண்ணீரை நிரப்பி, என்ஜினை ஓடவிட்டோம்.

அன்றைக்குப் பார்த்து என் ஆட்கள் வேறு வண்டிக்கு அடியில் இருந்தார்கள். கேபினில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க ஒருவர் வேண்டும். முன்னால் நின்று தண்ணீரைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். முனிராஜ் ஏறினார். பாய் முன்னால் நின்றார். வேறு வழி இல்லை, பேசியாக வேண்டும்.

“ஏத்து” என்றார் பாய். என்ஜின் உறுமியது. “போதும்.” கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் கொஞ்சம்.”

இறக்கினோம், மறுபடி நிரப்பினோம், மறுபடி ஓட்டினோம். முதலில் சேறு வந்தது. பிறகு கடுங்காப்பி. பிறகு ஆறிப்போன டீ. வெயில் கூரையிலிருந்து இறங்கிச் சுவரைத் தொட்டது. ஒரு தடவை தண்ணீர் இறங்கக் காத்திருந்தபோது என்ஜின் சத்தம் இல்லை. கேபினுக்குள்ளிருந்து முனிராஜ் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டார்.

“பாப்பா நல்லா இருக்குதா பாய்?”

பாய் குழாயில் வருகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

“இருக்குது. மாசமா இருக்குது.”

“எங்க, இங்கயா?”

“ஏழாம் மாசம் கூட்டிக்கினு வரணும்.”

கடைசித் தடவை குழாயிலிருந்து விழுந்த தண்ணீரில் கூரைத் தகரத்தின் நிழல் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. எத்தனையோ வண்டிகளை அலசியிருக்கிறேன். அந்தத் தண்ணீரை மட்டும் கொட்ட மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி எதை ஊற்றுவது? முழுதாக அலசிவிட்டதால் இந்த என்ஜினுக்கு இரண்டு வகையும் ஆகும், ஆனால் இனிமேல் ஒன்றுதான் என்றேன். பச்சையைச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். சிவப்பு வருஷக்கணக்கில் ஓடும், விலையும் கூடுதல். விற்கப்போகிற வண்டிக்குப் பச்சை போதும் என்று நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முனிராஜ் கேபினிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். தன் பச்சைக் கேனைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, பாய் சொன்னார்.

“அவன் ஊத்துறதையே ஊத்துங்க மேஸ்திரி. ரொம்ப நாளு ஓடட்டும்.”

டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து, காற்று அடைக்காமல் மெதுவாக ஊற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாட்டி ஓட்டினோம். முள் நடுவில் வந்து நின்றது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள், கேனில் வகையைப் படியுங்கள். குறைந்திருந்தால், உள்ளே இருப்பது எது என்று கடைசியாக ஊற்றியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்காமல் செய்கிற நல்லதும் என்ஜினை அடைக்கும்.

பாயின் வாரம் முடிந்து, இனி முனிராஜின் முறை. ஓசூர்ப் பக்கம் திரும்பக் கிளம்பியவர், வாசலில் வண்டியை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார். பாய் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றிருந்தார்.

“பாய், வண்டி பாக்க வரேன்னவங்க எனக்கு போன் போட்டா என்னா சொல்றது?”

“வண்டி லைன்ல ஓடுதுன்னு சொல்லு.”