கழுகு வண்டிக்காரரின் இடது கை

எங்கள் அத்தான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சுற்றும் கல்லில் லென்ஸின் விளிம்பை வைத்து, இடது கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, ஃப்ரேமுக்குத் தக்கபடி இழைத்துக் கொடுப்பார். முப்பத்தொரு வருட வேலை. ஊரில் பாதிப் பேர் அவர் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவருக்கோ உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: கழுகு வண்டி ஓட்டுபவர்கள், பாவப்பட்ட மற்றவர்கள். பஸ்ஸில் போகிற நான் இரண்டாவது வகையிலும் கடைசி.

கழுகு என்பது அவருடைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் இருக்கும் சின்னம். போட்டிக் கம்பெனி வண்டியில் மான் இருக்கும். கழுகு கனம், சத்தம். மான் லேசு, வேகம். கழுகுக்காரர்கள் மானைத் தையல் மெஷின் என்பார்கள், மான்காரர்கள் கழுகை மாவு மில் என்பார்கள். அக்கா வீட்டுக் கூடத்தில் கல்யாணப் போட்டோ உள்ளங்கை அகலம், கழுகின் போட்டோ ஜன்னல் அகலம். ஏன் என்று கேட்டால், "அவ மூத்த தாரம்டா, மரியாதை குடுக்க வேணாமா?" என்பாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் எல்லையில் உள்ள பெட்ரோல் பங்கில் இரண்டு கூட்டமும் கூடும். காற்றடிக்கும் மெஷின் பக்கம் கழுகுகள், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மான்கள். மான்களின் தலைவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அத்தானும் அவரும் இருபத்திரண்டு வருடமாக ஒருவரையொருவர் வறுத்தெடுக்கிறார்கள். "யோவ் மாவு மில்லு, இன்னிக்கு எத்தனை படி அரைச்சே?" என்று அவர் ஆரம்பிப்பார். "உன் மெஷின்ல என் பேன்ட் ஒண்ணு தைக்கணும், அளவு எடுத்துக்கிறியா?" என்பார் அத்தான். இதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கும் ஐம்பது வயது ஆண்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் பங்கைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் வேறு சட்டம். எதிரே வருவது கழுகோ மானோ, இடது கையைப் பிடியிலிருந்து எடுத்து, இரண்டு விரலைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். வலது கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் வணக்கம் இடது கையில்தான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியவரும் இல்லை. வண்டியை என்ன வேண்டுமானாலும் திட்டலாம், ஓட்டுபவரைக் கண்டும் காணாமல் போகக்கூடாது.

அந்தச் சட்டத்தைத்தான் அத்தான் மீறினார். ஒருநாள் இருநாள் அல்ல, ஆறு ஞாயிறு. எதிரே வந்த மான்கள் கையைத் தாழ்த்த, இவர் சிலை மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போனாராம். பங்கில் பேச்சு நின்றது. வசவு நின்றதுதான் பெரிய விஷயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிஃப்ட்காரர் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உன் வண்டிய நான் பேசாத பேச்சு இல்ல. நீயும் பேசியிருக்கே. கை எடுக்காம போற அளவுக்கு நான் உனக்கு என்னய்யா பண்ணேன்?"

"இஷ்டமில்ல, எடுக்கல" என்றார் அத்தான்.

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். திமிர் பிடித்தவன் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, உண்மை வெளியே வரக்கூடாது என்பது அவர் கணக்கு. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எடுத்தா திரும்ப வைக்க முடியலண்ணே. கை மரத்துப் போகுது. போன வாரம் ரெண்டு டம்ளர் போச்சு. மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்காம். கிளட்ச்ச அமுக்குறத நிறுத்தலன்னா விரல் வேலை செய்யாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவர் காதுல வாங்கினா தானே!"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கல்லில் லென்ஸ் பிடிக்கும் வேலையைக்கூட வலது கைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். வண்டியை மட்டும் விட முடியவில்லை. அதை விட்டால் அவர் வெறும் கண்ணாடிக் கடை ஆள். அதை அவர் சொல்லவில்லை, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எங்க வண்டில கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர், மெதுவாக.

"அதுக்கு நான் பஸ்லயே போவேன்."

பஸ்ஸில் போகிற எனக்கு அந்த நேரத்திலும் கோபம் வந்தது. லிஃப்ட்காரர் வண்டி நிற்கும் கொட்டகைக்குப் போய்க் கழுகின் கிளட்ச் லீவரை இழுத்துப் பார்த்தார். "இது கிளட்ச் இல்லய்யா, தண்டனை" என்றார். பையிலிருந்து டேப்பை எடுத்து இஞ்சின் பக்கம் எதையோ அளந்துகொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை அவர் திரும்ப வந்தபோது பையில் துணி சுற்றிய ஒரு சின்ன இரும்புக் கை இருந்தது. கிளட்ச் கேபிள் இஞ்சினில் போய் மாட்டும் இடத்தில் ஒரு கை உண்டு. அது நீளமாக இருந்தால் இழுப்பது லேசாகும் என்று எனக்குப் புரியும்படி விளக்கினார். கழுகின் கை குட்டை. மானின் கை இரண்டு விரல்கடை அதிகம். மானின் கையை அறுத்துக் கழுகின் அடிப்பாகத்தோடு வெல்டிங் வைத்துக் கொண்டு வந்திருந்தார்.

"என் வண்டிக்குள்ள உங்க சாமானா?" என்று அத்தான் எகிறினார்.

"மூடிக்குள்ள இருக்கும். யார் பாக்கப் போறா? வாய மூடிக்கிட்டு டார்ச்சப் பிடி."

மாட்டி முடித்ததும் லீவர் ஒரு விரலுக்கு அசைந்தது. அத்தான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரை வண்டி நிறுத்தும் இடத்துக்கே இறங்கி வரவைத்து, இழுத்துப் பார்க்கச் சொன்னார். டாக்டர் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை மட்டும், கட்டு போட்டுக்கிட்டு. அதுவும் ஒரு மணி நேரம்தான்" என்றார். அத்தான் அன்று அக்காவிடம் சண்டையே போடவில்லை.

மறுநாள் கையைக் கண்காணிக்கச் சொல்லி அக்கா என்னைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டாள். அத்தான் எதிரே வந்த ஒரு மானையும் விடாமல் விரல் தாழ்த்தினார். திரும்பி வந்ததும் பங்கில் இரண்டு கூட்டமும் அவரைச் சூழ்ந்துகொண்டன. கை சரியில்லாமல் இருந்த செய்தி எப்படியோ பரவியிருந்தது. மான் பக்கத்து ரிடையர்டு வாத்தியார், யாரையும் லேசில் புகழாதவர், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சும்மா சொல்லக்கூடாது சார். மரத்துப்போன கைய வச்சுக்கிட்டு அந்த இரும்புக் கிளட்ச்ச இழுக்கணும்னா அது வேற ரகம். எங்க ஆளுங்க யாராலயும் முடியாது."

இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தான் வாழ்ந்தார். கழுகுகள் விசிலடித்தன. லிஃப்ட்காரர் தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், கழுகுக் கூட்டம் ஜென்மத்துக்கும் தலை தூக்காது. அவர் மூச்சு விடவில்லை.

அத்தானால்தான் தாங்க முடியவில்லை. "வாத்தியாரே, என் வண்டியில இருக்கறது மான் கிளட்ச் கை. அவன்தான் மாட்டிவிட்டான்" என்று போட்டு உடைத்தார்.

கழுகுகளின் விசில் பாதியில் நின்றது.

"புளுகுறான்!" லிஃப்ட்காரர் ஈர முகத்தோடு ஓடி வந்தார். "எங்க நல்ல சாமான இந்த மாவு மில்லுல போட நான் என்ன லூசா? அது முழுக் கழுகு!"

"மனசாட்சியத் தொட்டுச் சொல்லுய்யா! நேத்து நான்தானே டார்ச் பிடிச்சேன்!"

"கனவு கண்டிருப்பே."

என் வண்டிக்குள் மான் இருக்கிறது என்று அத்தான் கத்த, அதில் இருப்பதெல்லாம் கழுகுதான் என்று லிஃப்ட்காரர் கத்த, இரு கூட்டமும் யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முழித்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் அத்தான், "வாத்தியாரே, நீங்களே வந்து லீவர இழுத்துப் பாருங்க, ஒரு விரல் போதும்" என்றார். வாத்தியார் வந்தார். அவர் தொடுவதற்குள் லிஃப்ட்காரர் இடையில் புகுந்தார்.

"தள்ளுங்க சார், உங்க வயசுக்குக் கை போயிடும்" என்று சொல்லிவிட்டு, காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு விரலுக்கு அசைகிற அந்த லீவரை இரண்டு கையாலும் இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "அப்பப்பா, என்னா கனம்!" என்று மூச்சு வாங்கினார்.

அத்தான் அவரைப் பார்த்து இடது கையின் இரண்டு விரலைத் தாழ்த்தினார். அதற்கு மேல் வாதாடவில்லை.