ஈஸ்டர் மழையும் சாக்குக் கொங்காணியும்

போன வாரம் அலுவலகம் விட்டு ஆரியசாலை கடைத்தெரு வழியாக வரும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. ஒரு மிளகாய் மண்டியின் ஓரம் ஒதுங்கினேன். வாசலில் நனைந்து கிடந்த சணல் சாக்கிலிருந்து ஒரு வாசனை வந்தது. மற்றவர்கள் செல்போனைப் பார்க்க, நான் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காலால் அதை உள்ளே தள்ளிக்கொண்டார்.

இதே மண்டிகளுக்குப் பின்னால்தான் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நாகர்கோவில் பக்கமிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். அப்பா கொத்தனார். அம்மா அவருக்குக் கல்லும் கலவையும் சுமந்த சித்தாள். ஒரு ஓணத்துக்கு முன்பு அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அடக்கத்துக்குப் பிறகு அம்மா கல்லறைத் தோட்டத்தின் பக்கமே போகவில்லை. வேலைக்கும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பக்கத்து அறை தங்கம் அக்காளின் கஞ்சியில்தான் நாங்கள் பிழைத்தோம்.

எங்கள் தமிழ்ச் சபைக்கு ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆராதனை. அவரவர் கல்லறையில் பூவும் மெழுகுவத்தியும் வைத்து, கிழக்கு வெளுக்கும்போது பாடுவோம். அப்பா போன பிறகு வந்த முதல் ஈஸ்டரில் வேதபாடம் வாசிக்க உபதேசியார் என்னைச் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் தெருநாய்க்குக்கூட வாசித்துக் காட்டினேன்.

"நீ வாசிக்கியான்னா நான் வாறேன் மக்களே" என்றாள் அம்மா. அன்றைக்கு அவளை வெளியே கொண்டுபோகாவிட்டால் இனி எழுந்திருக்கவே மாட்டாள் என்று பயந்தேன்.

விடியுமுன் இடியும் மழையும். கரண்ட் போனது. தங்கம் அக்காள் சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"ஆராதனை இல்லியாம். தோட்டத்து வாசல்ல மரம் சாஞ்சு கெடக்கு."

என் கண் கலங்கியதைப் பார்த்து, அழாதே மகளே என்று பாதி மலையாளத்தில் தேற்றினாள். "கரையண்டாம் மோளே. நாய் கேட்டத நாங்க கேக்கப்பிடாதா? இங்கயே வாசி."

அப்பாவுக்கென்று வைத்திருந்த மெழுகுவத்தியைக் கொளுத்தினேன். விடியலில் கல்லறைக்குப் போகும் பெண்கள், வாசலை அடைத்திருக்கும் பெரிய கல்லை யார் புரட்டுவார்கள் என்று பேசிக்கொண்டே நடக்கும் பகுதி அது. ஓட்டுக்கூரையில் மழை அடித்த அடியில், நான் பழகி வைத்திருந்த ஏற்ற இறக்கமெல்லாம் வீண். கத்தித்தான் வாசித்தேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"கல்லு கெடக்கும்னு அவளுவளுக்குத் தெரியும், இல்லியா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா போனாளுவ?"

அவள் மூலையில் கிடந்த சாக்கை எடுத்து, ஒரு மூலையை மறு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். வேலை இடத்தில் மழைக்கு அந்தக் கொங்காணிதான் அவள் குடை.

"இந்த மழையில எங்க போற? பிராந்து பிடிச்சிருக்கா ஒனக்கு?" என்றாள் தங்கம் அக்காள்.

"அவிய மட்டும் அங்க மண்ணுக்குள்ள நனைஞ்சிட்டுக் கெடக்கணுமாக்கும்?"

தோட்டத்து வாசலில் சாய்ந்த மரத்தின் கிளைகளுக்கடியில் அம்மாவும் நானும் குனிந்து நுழைந்தோம். மண்மேடு அமுங்கி, மரச்சிலுவை சரிந்து கிடந்தது. அம்மா அதை நிமிர்த்திக் கல் வைத்து அண்டை கொடுத்தாள். பாதி எரிந்த மெழுகுவத்தி மழையில் எரியவா போகிறது? சும்மா நட்டு வைத்தாள். பிறகு அழுதாள். அடக்கத்தன்று வராத அழுகை. நனைந்த சாக்குக்குள் என்னையும் இழுத்துக்கொண்டாள். அந்த வாசனைதான். மறுநாள் வேலைக்குப் போனாள்.

அந்த அறைகள் இப்போது இல்லை. அங்கே வண்டிகள் நிற்கின்றன. தோட்டத்தில் இடம் போதாமல் அப்பாவின் குழியில் வேறொருவரை வைத்தார்கள். அம்மாவும் போய்விட்டாள், அவளுக்குக் கிடைத்தது வேறு மூலை. ஈஸ்டர் ஆராதனை கான்கிரீட் கூரைக்குக் கீழே வந்துவிட்டது. எந்த மழையும் அதை நிறுத்துவதில்லை. பாடம் வாசிப்பது இன்றும் நான்தான். மைக்கில், ஏற்ற இறக்கத்தோடு. அந்தப் பெண்கள் கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டு நடக்கும் இடத்தில் தலைநிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்ப்பேன். யார் தலையிலும் சாக்கு இருக்காது.