ஒக்டோபர் சம்பளத் துண்டு

போன ஒக்டோபரில் ஏஞ்சலினின் சம்பளத் துண்டில் விழுந்தது பதினொரு பேர். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டுகிறாள். ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் என்று கணக்கு. காலையில் மழை பிடித்தால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. புருஷன் சிறிலுக்கும் அதே தோட்டம், அதே மழை.

பஸாருக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான எட்டு பேர்ச் காணி வாங்கிவிட்டார்கள். காணி உறுதிப் பத்திரம் இருவர் பெயரிலும் இருக்கிறது. இனி தோட்டத்து லய அறையை விட்டு வந்து வீடு கட்ட வேண்டும், கட்டிய வீடு கடன்காரனிடம் போகாமல் நிற்க வேண்டும். ஏஞ்சலினுக்கு இரண்டாவதில்தான் பயம்.

கடன் கேட்டு முதலில் போன வங்கியில் பதினொரு வீத வட்டி. சிறில் நல்ல வெயில் மாதத் துண்டுகளாகப் பொறுக்கி நீட்டினான். பதினைந்து லட்சம் தருவதாகச் சொன்னார்கள். மழை மாதத்தில் தவணை குறைந்தால் என்ன ஆகும் என்று ஏஞ்சலின் சிங்களத்தில் கேட்டாள். எந்த மாதம் குறைந்தாலும் தண்டம் என்றார் அதிகாரி.

அடுத்தது கூட்டுறவு வங்கி. பன்னிரண்டு வீதம்.

"மாசம் எண்ணூறு ரூவாக்கு மேல சும்மா போவுது புள்ள" என்று சிறில் படியிலேயே முணுமுணுத்தான்.

உள்ளே நஸ்லின் என்ற அதிகாரி விளக்கினார். "மழை மாசம் ரெண்டுக்குப் பாதித் தவணை கட்டலாம். மிச்சத்த மத்த மாசங்கள்ல சேத்துக் கட்டணும்."

ஏஞ்சலின் பையைத் திறந்து ஒக்டோபர் துண்டை எடுத்து வைத்தாள். மேசைக்கடியில் சிறில் அவள் காலை மிதித்தான்.

நஸ்லின் பார்த்தார். "இத வச்சா பதினஞ்சு லட்சம் தர ஏலாது. பன்னெண்டுதான் வரும்."

"இத ஏன் காட்டின?" என்றான் சிறில்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்கோம், நல்லத மட்டும் காட்ட? ஒக்டோபர்லயும் நாமதானே கட்டணும்."

சிறில் மிதித்த காலை எடுத்துக்கொண்டான். "அப்ப மூணு லட்சத்துக்கு எதக் கொறைக்கிறது?"

"குசினிய. பொறவு கட்டுவோம். இப்போதைக்குப் பின்னால தகரம் போட்டுக்கலாங்க."

"மழைக்குள்ள தகரத்துக்கடியில யாரு சமைக்கிறது?"

"நீங்கதான். வெட்டு இல்லாத நாளு சும்மாத்தானே கெடக்குறீங்க."

நஸ்லின் சிரித்துக்கொண்டே படிவத்தைத் தள்ளினார். சிறில்தான் முதலில் கையெழுத்துப் போட்டான்.

போன வாரம் கடன் கைக்கு வந்தது. வரும் திங்கட்கிழமை இரண்டு அறைக்கு மட்டும் அத்திவாரம் வெட்டுகிறார்கள்.