பன்னிரண்டாவது படம்

எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றும் வராது. ஐம்பது வயதாகிறது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை. கல்யாணப் பந்தியில் ஓரத்து இலையாகப் பார்த்து உட்காருகிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு இரட்டை லென்ஸ் ஃபிலிம் கேமராவின் மேல் ஆசை வந்ததற்கு ஒரே காரணம், அதைக் கண்ணுக்கு நேரே தூக்க வேண்டாம் என்பதுதான். வயிற்றருகே பிடித்துத் தலையைக் குனிந்தால் மேலே உள்ள கண்ணாடியில் எதிராளி தெரிவார். மேல் லென்ஸ் நமக்குக் காட்டும், கீழ் லென்ஸ் ஃபிலிமில் பதிக்கும். குனிந்த தலையோடு ஒருவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபோனில் ஒரு விளம்பரம் பார்த்து மாமல்லபுரத்துக்குப் போனேன். விற்றது ஒரு அக்கா. கடற்கரைக்குப் போகும் வழியில் சங்கும் பாசிமணியும் விற்கிறார். அவர் கணவர் ஒரு காலத்தில் சுற்றுலா வருபவர்களைப் படம் எடுத்துப் பிழைத்தவர். போன வருடம் இறந்துவிட்டார்.

"ஃபிலிம் சுத்துற கைப்பிடி அசையாது தம்பி. மாட்டிகினு எத்தினியோ வருசம் ஆவுது. ரிப்பேர் பண்ணிக்கோ" என்று சொல்லியே கொடுத்தார்.

செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கேமராவை மடியில் வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. அடியில் இருந்த பூட்டைத் திருகினேன். பின்கதவு திறந்தது. உள்ளே எண்கள் அச்சடித்த ஒரு தாள் இழுத்துக் கட்டினாற்போல் இருந்தது. தூசி படாமல் இருக்க வைத்த தாள் என்று நினைத்து ஒரு ஓரத்தை நகத்தால் தூக்கினேன். அடியில் பளபளவென்று ஃபிலிம். பகல் பதினொரு மணி வெயில் ஜன்னல் வழியாக நேரே அதன் மேல் விழுந்தது. பட்டென்று மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா, கடிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டையில் பன்னிரண்டு என்ற எண் தெரிந்தது. வாங்கும்போதே பார்த்திருந்தேன். பன்னிரண்டு படம் எடுத்த ஃபிலிம் உள்ளேயே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள் என்று அப்போதுதான் புரிந்தது.

சர்வீஸுக்குச் சென்னையில் ஒருவரிடம் கொடுத்தேன். என்னைவிட வயதில் சின்னவர். மூன்றாம் நாள் ஃபோன் செய்தார்.

"இன்னா அண்ணாத்த, ஃபிலிமோட குட்துகீற? நம்பரு பன்னண்டுல நின்னத பாத்துதான் கருப்புப் பையில வுட்டுத் தொறந்தேன். ஆனா தாளு ஒரு பக்கம் மடிஞ்சிகீது. எவனோ நோண்டிகீறான்."

"தெரியலைங்க" என்றேன்.

"எவனா இருந்தாலும் கைய ஒடிக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கைப்பிடியின் பல்சக்கரத்தில் எண்ணெய் இறுகிப் பசை மாதிரி ஆகிவிட்டதாம். மேல் லென்ஸில் பூஞ்சை. எல்லாம் சரியாகிவிடும் என்றார். "ஃபிலிம இன்னா பண்றது? வித்தவங்கள கேளு. வேணும்னா கழுவிப் பாக்கலாம், வேணாம்னா தூக்கிப் போட்டுட்றேன்."

வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் அக்காவைக் கூப்பிட்டேன். அந்த ஃபிலிம் குப்பைக்குப் போனால் என் தப்பும் அதோடு போய்விடும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா கேட்டார்:

"எத்தினியாவது நம்பர்ல நிக்கிது?"

"பன்னண்டு."

"பன்னண்டாவது எப்பவும் வூட்டுக்குன்னு சொல்லுவாரு தம்பி. ஒரு ரோலுக்குப் பன்னண்டு படம். பதினொண்ணு வர்றவங்களுக்கு, கடசி ஒண்ணு எங்களுக்கு. ஆனா கடசிக்கும் எவனாச்சும் டூரிஸ்ட் வந்து நிப்பான், அவனுக்கு எடுத்துக் குட்துட்டு வருவாரு. ஒரே ஒரு வாட்டிதான் வூட்டாண்ட எடுத்தாரு. மதில் மேல வெச்சி, தானா எடுக்குற மாதிரி பண்ணிட்டு, ஓடி வந்து நின்னாரு. அன்னிக்குதான் கைப்பிடி மாட்டிகிச்சி. ஃபிலிம எப்பவோ எடுத்துப் போட்டுட்டாருன்னு இருந்தேன்."

அதில் நான்கு பேரும் இருக்கிறார்கள் என்றார். அவர், கணவர், இடுப்பில் மகன், பக்கத்தில் பெரிய மகள். அந்தப் பெண் மறுவருடமே ஆறு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டது. வீட்டிலிருந்த அவளுடைய படங்கள், கடல் தண்ணீர் உள்ளே புகுந்தபோது போயின. பரண் மேல் தகரப் பெட்டியில் இருந்த கேமரா மட்டும் நனையவில்லை.

"கழுவச் சொல்லு தம்பி. என் பொண்ணு மொகம் அதுல இருக்கும்."

பத்து நாள் காத்திருந்தேன். கம்பெனியில் பெட்டிகளில் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டித் திட்டு வாங்கினேன். வீட்டில் மனைவி, "பழைய சாமான் வாங்கினா பழைய பேஜாரும் கூடவே வரும்" என்றாள். என்ன பேஜார் என்று அவளிடமும் சொல்லவில்லை.

படங்கள் வந்தன. முதல் பதினொன்றும் அத்தனை தெளிவு. பாறைக்கு முன்னால் யார் யாரோ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். பன்னிரண்டாவதில் இடது பாதி மட்டும் இருந்தது. இளவயது அக்கா, இடுப்பில் குழந்தை, ஓடி வந்த வேகத்தில் கலங்கலாக அவர் கணவர். வலது பாதி வெள்ளை. அந்த வெள்ளை தொடங்கும் இடத்தில், கீழே, பெரிய ஆம்பளைச் செருப்புக்குள் ஒரு சின்னக் கால்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்வீஸ் ஆன கேமராவும் பையில் இருந்தது. அக்கா கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். செருப்பின் மேல் விரலை வைத்தார்.

"அவரு செருப்பு. அவதான் எப்பவும் போட்டுக்கினு நிப்பா." பிறகு வெள்ளையைத் தடவினார். "கடக்காத்து. இரும்பையே திங்குது, ஃபிலிம வுடுமா? நீ இன்னா பண்ணுவ தம்பி, இவ்ளோ தூரம் கொண்டாந்து குட்தியே."

தலையை ஆட்டிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்தும்விட்டேன்.

"காத்து இல்லக்கா. நான்தான். பஸ்ல தொறந்துட்டேன். தாளத் தூக்கிப் பாத்தேன்."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"காட்டு" என்றார்.

எதை என்று கேட்டேன். "எப்டித் தொறந்தன்னு காட்டு."

பையிலிருந்து கேமராவை எடுத்தேன். பூட்டைத் திருகிப் பின்கதவைத் திறந்தேன். காலியாக இருந்த சதுரத்தின் ஓரத்தில், தாள் இருந்த இடத்தில், என் நகத்தை வைத்துக் காட்டினேன். அக்கா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். படத்தைப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார்.

"இத்த நீ சொல்லாமலே போயிருக்கலாம் தம்பி" என்றார். "கடக்காத்துன்னு நெனச்சிகினு இருந்திருப்பேன். அது நம்ம கடலு. இனிமே உன் மொகம்தான ஞாபகம் வரும்."

வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்று சங்கு என்ன விலை என்று கேட்டது. அக்கா படத்தைச் சேலை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விலை சொன்னார். நான் கேமராவின் பின்கதவை மூடினேன். சர்வீஸ் செய்த பிறகு அது சத்தமே இல்லாமல் மூடுகிறது.